ஆமாங்க

யாராவது உங்களை வேறொரு பேர் சொல்லிக் கேட்டு, நீங்களும் மறுக்காமல் "ஆமாங்க" என்று தலையாட்டியிருக்கிறீர்களா? எஸ்தரிடம் கேட்டிருந்தால், அப்படியும் ஒருத்தர் சொல்வாரா என்று சிரித்திருப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும்.

பிரசவ வார்டுக்கு அவள் வந்து ஒன்பது நாள்தான். நர்ஸ் படிப்பை முடித்து, ரெண்டு பிள்ளைகளைப் பெற்று, பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வேலைக்கு வந்தவள். வேலை பழக்கிய குருவம்மாள் அவளைவிட ஆறு வயது இளையவள். வார்டே அவளைக் "குரு" என்றுதான் கூப்பிடும். அதனால் எஸ்தர் தன்னைச் சீடப்பிள்ளை என்று சொல்லிக்கொள்வாள்.

ஆறாம் கட்டில் வேலம்மாளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிருந்தது. ஏற்றவேண்டிய ரத்தப்பை வந்துவிட்டது. ஏற்றுவதற்கு முன்னால் ரெண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்று சுவரில் அரசாங்க விதித்தாள் தொங்கியது. அதைப் பார்த்தாலே எஸ்தருக்கு எரிச்சல்.

"குரு, கொடுத்தவர் மனசாரக் கொடுத்தாச்சு. வாங்குறவ காத்துக் கிடக்கா. நடுவுல மாமியார் மாதிரி இந்தச் சட்டம் எதுக்கு?"

பேரைக் கேட்டாச்சா என்று மட்டும் கேட்டாள் குருவம்மாள்.

எஸ்தர் ஆறாம் கட்டில் பெண்ணிடம் குனிந்தாள். "வேலம்மாதானே நீ?"

"ஆமாங்க."

ஆச்சு என்று பையைத் தொங்கவிடப் போனாள். குருவம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்த ஒரு பேரைச் சொல்லி அதே பெண்ணிடம் கேட்டாள்.

"ராஜகனிதானே நீ?"

"ஆமாங்க."

எஸ்தர் பையைக் கீழே இறக்கினாள்.

"உன் பேரென்ன? நீயே சொல்லு தாயி."

"பேச்சித்தாய்ங்க."

விசாரித்தால், காத்தாடி நேரே அடிப்பது பிள்ளைக்கு ஆகாதென்று வேலம்மாளை அவள் அம்மா கைத்தாங்கலாக ஒன்பதாம் கட்டிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அங்கே புழுக்கம் தாங்காத பேச்சித்தாய் இங்கே வந்துவிட்டாள். ரெண்டு பேருடைய நோயாளிச் சீட்டும் பழைய கட்டிலிலேயே தொங்கின.

ஏன் ஆமென்று சொன்னாய் என்றதற்கு அவள் வெட்கப்பட்டாள். "வெள்ளை உடுப்புக்காரங்க கேட்டா, இல்லைன்னா சொல்றது?"

குருவம்மாள் பையையும் பேச்சித்தாயின் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். ரெண்டும் வேறு வேறு ரத்த வகை. ஏறியிருந்தால் உயிருக்கே ஆபத்து. எஸ்தர் பேச்சித்தாயின் மடியில் தூங்கிய பிள்ளையைப் பார்த்தாள். அதன் வாயோரம் பால் காய்ந்திருந்தது.

ஒன்பதாம் கட்டிலில் வேலம்மாள் தன் பேரைத் தானே சொன்னாள். ரெண்டு பேரும் வாசித்துப் பார்த்தார்கள். ரத்தம் இறங்கியது. மத்தியானத்துக்குள் உதட்டில் நிறம் வந்து, சட்னியில் உப்பில்லை என்று அம்மாவை வைய ஆரம்பித்துவிட்டாள். எஸ்தருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"எம் மனசுல கெட்டது ஒண்ணும் இல்லையே, குரு."

"இல்லைதான். உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ரத்தத்துக்குத் தெரியாதேக்கா."

மறுவாரம் ஆஸ்பத்திரியிலேயே ரத்ததான முகாம். முதல் ஆளாகக் குருவம்மாள் கை நீட்டி உட்கார்ந்தாள். எஸ்தர் சிரித்துக்கொண்டே படிவத்தில் "கு" என்று ஆரம்பித்தாள்.

குருவம்மாள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பேரு எனக்குத் தெரியாதா, குரு?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன். என் பேரைக் கேளுங்கக்கா."