இரண்டும் ஒன்றுதானே அண்ணாச்சி

நாகர்கோவிலில் கூரியர் ஆபீசில் வேலை பார்த்த பெர்சிக்கு, கேம் போட்டிகளில் ஆட ஒரு கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. ஒரு வருஷமாகச் சேர்த்த பணத்தோடு, ஊரிலேயே பெரிய கடையான குணசீலன் கடைக்குப் போனாள்.

"இந்தக் காசுக்கு கேம் மெஷினா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி சிரித்தார் குணசீலன். கலர் விளக்கு மின்னும் கண்ணாடிப் பெட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை முன்னால் தள்ளினார். "இதைக் கொண்டு போ. பொம்பளப் பிள்ளைக்கு லைட் எரிஞ்சா போதும்."

பெர்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குனிந்து உள்ளே பார்த்தாள். கேமுக்கு உயிரே கிராபிக்ஸ் கார்டுதான். அதன் விசிறியில் அழுக்கு அப்பியிருந்தது.

"அண்ணாச்சி, இந்தக் கார்டு பழசு. எனக்கு லைட் வேண்டாம், சாதாரணப் பெட்டி போதும். மிச்சமாகிற காசுக்குப் புதுக் கார்டு போடுங்க."

"பழசும் புதுசும் ஒண்ணுதான். எனக்கே பாடம் எடுக்கியா?"

"சரி, உங்க வார்த்தையை நம்புறேன். இந்தக் கார்டை உங்க மேஜையில இருக்கிற கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிடுங்க. அதுல கண்ணாடி வழியாத் தெரியுற புதுக் கார்டை எனக்குத் தாங்க. ரெண்டும் ஒண்ணுதானே."

குணசீலனுக்குக் கோபம் தலைக்கேறியது. "ராப்பகலா ஓடித் தேஞ்சுபோன கார்டை என் மெஷின்ல மாட்டச் சொல்லுதியா?"

தான் சொன்னது என்னவென்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பணம் கட்டிவிட்டு வாசல்வரை போயிருந்த ஒருவர் திரும்பி வந்து, தன் கண்ணாடிப் பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"முதல்ல என்னோடதைத் திறந்து காட்டுங்க," என்றார்.

பெர்சி தன் பணத்தோடு எதிர்க் கடைக்கு நடந்தாள். அவள் பின்னாலேயே இன்னும் நாலு பேர் படியிறங்கினார்கள்.