அமுதவல்லிக்கு என்ன வாங்குவது

அந்த மலையில் மூடுபனி உச்சிவேளையில்தான் இறங்கும். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். சோற்று நேரம் நெருங்கும்போது பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஏதோ ஏறிவரும். கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டத்தையும், கொழுந்து எடைபோட்ட பழைய கொட்டகையையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அந்தக் கொட்டகையில்தான் மலையம்மா இருந்தார்.

மலையம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவரைத் தேடி வருகிறவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக வேலை பார்த்துவந்த தில்லைவாணனும் அப்படித்தான். தலை முழுக்க நரைத்தவர். அவர் மலையம்மாவை 'அம்மா' என்பார். மலையம்மா அவரை 'அண்ணே' என்பார். குரு யார், சீடர் யார் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

அன்று தில்லைவாணன் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு துணிப்பை. அதை உள்ளே கொண்டுவராமல் வாசலுக்கு வெளியே ஒரு கல்லின்மேல் வைத்தார். வந்து உட்கார்ந்த பிறகும் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, அமுதாவுக்குப் பிறந்த நாள் வருது. என்ன வாங்கிக் கொடுக்கறதுன்னு தெரியல."

"இதுக்கா மலை ஏறி வந்தீங்க?"

"இதுக்குத்தான்."



அமுதவல்லி தில்லைவாணனின் மனைவி. கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்பவள். அவள் நூலில் போட்ட மயில், ரவிக்கை அணிந்தவள் நடக்கும்போது கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல இருக்கும். ஆனால் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிடுவாள். சாவியை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவாள். ஒரு ரவிக்கையைப் பாதியில் விட்டு இன்னொன்றை எடுப்பாள், அதையும் பாதியில் விடுவாள். எல்லாரும் அலட்சியம் என்றார்கள். தில்லைவாணனும் அப்படித்தான் சொல்லிவந்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு டாக்டர், இதற்குப் பெயர் ஏடிஹெச்டி என்றார். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது, யாரும் கண்டுபிடிக்கவில்லை, அமுதவல்லியின் மூளை கவனத்தைப் பிடித்துவைக்கிற விதமே வேறு என்றார். அமுதவல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தில்லைவாணன் நேராகக் கடைக்குப் போனார்.

"எவ்வளவோ வாங்கினேன் அம்மா. டயரி. கையில அதிர்ற வாட்ச். எல்லாத்தையும் உள்ளே வச்சு மூடற மாதிரி கதவு போட்ட பெரிய அலமாரி. கடைசியா ஒரு பேசற கடிகாரம். அதுல நம்ம குரலையே பதிஞ்சு வைக்கலாம். 'அமுதா, பாலை இறக்கு. அமுதா, சாவியை எடு.' நான் டிப்போவுல இருந்தாலும் வீட்டுல என் குரல் கேட்கும்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவர் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவ ஊசியைத் தொடறதையே விட்டுட்டா. ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்குப் போறேன், நான் வாங்கிக் கொடுத்த எல்லாத்து மேலயும் வெள்ளை வேட்டியைப் போர்த்தி வச்சிருக்கா. அதுங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. என்னடி இதுன்னேன். 'பேட்டரியைக் கழட்டின அப்புறமும் பேசுதுங்க'ன்னா. 'உங்க குரல்லயே பேசுது'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பிரமைன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

தில்லைவாணன் வாசலில் இருந்த பையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நேத்து அவ காய் வாங்கக் கடைக்குப் போயிருந்தா. நான் மட்டும் வீட்டுல. நல்ல வெயில், தெருவுல ஆள் நடமாட்டம். அலமாரிக்குள்ள யாரோ பேசறாங்க. நான்தான் பேசறேன். வேட்டியை விலக்கிக் கதவைத் திறந்து பார்த்தேன். கடிகாரம் மல்லாந்து கிடக்கு. பேட்டரி போடற குழி காலியா இருக்கு. அதுக்குள்ளேயிருந்து என் குரல். 'உனக்கு எத்தனை தடவை சொல்றது? இதைக்கூடச் செய்யத் தெரியாதா உனக்கு?'"

அவர் கையை நெஞ்சில் வைத்தார்.

"நான் அதைப் பதியவே இல்லம்மா. சத்தியமாப் பதியல."

"சொன்னதும் இல்லையா?"

தில்லைவாணன் தரையைப் பார்த்தார்.

"சொல்லியிருக்கேன்."

வெளியே பனி ஏறத் தொடங்கியிருந்தது. கல்லும் பையும் மங்கின. மலையம்மா எழுந்து ஆணியில் தொங்கிய கூடையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"டீ போடக் கொழுந்து இல்ல அண்ணே. கீழ்ச்சரிவுல பறிச்சுட்டு வாங்க. அந்தப் பையையும் தோள்ல மாட்டிக்குங்க."

"அம்மா, அந்தக் கடிகாரம் அதுலதான்..."

"உங்க குரல்தானே? உங்களுக்கு என்ன பயம்?"

கீழ்ச்சரிவு பழக்கமான இடம். அவர் எத்தனையோ முறை அங்கே கொழுந்து பறித்திருக்கிறார். ஆனால் அன்று இறங்கியதும் பனி அவரைச் சுற்றி மூடிக்கொண்டது. நீட்டிய கை மணிக்கட்டோடு காணாமல் போனது. தடவிப் பார்த்து ஒரு செடியைக் கண்டுபிடித்து, நுனிக் கொழுந்தைக் கிள்ளினார்.

"அது இல்ல," என்றது பை.

அவர் விரல் நின்றது. வேறொரு கொழுந்தைத் தேடினார்.

"சீக்கிரம். எவ்வளவு நேரம்? கொழுந்தா இது? கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

அவருடைய குரல்தான். டிப்போவில் லேட்டாக வரும் டிரைவர்களிடம்கூட அவர் அப்படிப் பேசியதில்லை. வீட்டுக்குள் மட்டும் பேசுகிற குரல் அது. வெளியாள் யாரும் கேட்டிராதது. அவரும் நேற்றுவரை அதை வெளியிலிருந்து கேட்டதில்லை.

வேகமாகப் பறித்தார். முற்றல் இலைதான் கையில் வந்தது. அதை எறிந்தார். அடுத்த செடிக்குப் போனார். எதற்காக அங்கே வந்தோம் என்று பாதி வழியில் மறந்துபோனது. திரும்ப முதல் செடியைத் தேடினார், கிடைக்கவில்லை. முறிந்த குச்சி ஒன்று உள்ளங்கையைக் கிழித்தது. குரல் நிற்கவில்லை. கொட்டகை எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியவில்லை. பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஐம்பது வயது ஆள், ஒரு கூடைக் கொழுந்து பறிக்க முடியவில்லை. தோளிலிருந்து பையைப் பிடுங்கிச் சரிவில் வீசினார். அது விழுந்த இடத்திலிருந்தும் பேசியது. அவர் செடிகளுக்கு நடுவே குந்தி, காதைப் பொத்திக்கொண்டார்.

கையை எடுத்தபோது வேறொரு சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

நகத்தால் கொழுந்து கிள்ளும் சத்தம். பக்கத்து வரிசையில், கை எட்டும் தூரத்தில். யாரோ பறித்துக்கொண்டிருந்தார்கள். அவசரமும் இல்லை, நிறுத்தவும் இல்லை. அவரைக் கூப்பிடவில்லை. அவர் குந்தியிருப்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

தில்லைவாணன் மெல்ல எழுந்தார். கை தானாகச் செடிக்குப் போனது. டக். பக்கத்தில் டக். அவரும் டக். கீழே எங்கோ அவர் குரல் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தது. கேட்டது, ஆனால் இப்போது அது தூரத்தில் இருந்தது. கொழுந்துகள் மட்டும் கிட்டத்தில் இருந்தன. பக்கத்துச் சத்தம் நகர்ந்தபோது அவரும் நகர்ந்தார். கூடை நிரம்பியபோது எதிரே கொட்டகையின் தகரச் சுவர் தெரிந்தது.

மலையம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் ஒரு துளி ஈரம் இல்லை.

"அம்மா, நீங்க கீழே வந்தீங்களா?"

"தண்ணி கொதிக்குதே, எப்படி வர்றது?"

"பக்கத்துல யாரோ பறிச்சாங்க."

"தோட்டத்தை மூடிப் பல வருஷம் ஆச்சு அண்ணே. கொழுந்து பறிக்க நம்மளத் தவிர இங்க யாரும் வர்றதில்ல."

தில்லைவாணன் வெளியே பனியைத் திரும்பிப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார்.

"பயமுறுத்துச்சா?" என்றார் மலையம்மா.

"இல்ல."

"வழி சொல்லுச்சா?"

"ஒண்ணுமே சொல்லல. சும்மா பக்கத்துல இருந்துச்சு."

மலையம்மா கொழுந்தைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். இருவரும் டீ குடித்தார்கள். பிறகு மலையம்மா கேட்டார்:

"என்ன வேணும்னு அண்ணிகிட்டக் கேட்டீங்களா?"

தில்லைவாணன் ஒருமுறைகூடக் கேட்டதே இல்லை.

பனி விலகியதும், வீசிய பையைத் தேடாமல் மலையிறங்கினார்.

வீட்டில் அமுதவல்லி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பிறந்த நாளுக்கு உனக்கு என்ன வேணும் அமுதா?"

அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். "இன்னொரு கடிகாரமா?"

"இல்ல. நீயே சொல்லு."

நம்பாமல் அவரை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, வேட்டி போர்த்திய அலமாரியைக் காட்டினாள்.

"அந்தக் கதவைக் கழட்டிடுங்க. மூடி வச்சா எனக்கு அது இல்லாமலே போயிடுதுங்க. கண்ணுல படறதுதான் எனக்கு இருக்குது."

திருப்புளி எடுத்து அவர் கதவுகளைக் கழற்றினார். இழுப்பறைகளையும் வெளியே எடுத்தார். உள்ளே, தொலைந்துபோனதாக அவள் நினைத்திருந்த ரவிக்கைகள் பாதிப் பூவோடும் பாதி மயிலோடும் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "இங்கயா இருந்தீங்க," என்று அவற்றிடமே கேட்டாள். மணிகளைக் கண்ணாடி பாட்டில்களில் போட்டு வரிசையாக வைத்தார்கள். வாட்ச்சையும் டயரியையும் அவள் கேட்காமலே அவர் எடுத்து வெளியே வைத்தார். அவள் கேட்ட இடத்தில், கதவுக்குப் பக்கத்தில், சாவிக்கு ஒரு கொக்கி அடித்தார்.

"இதெல்லாம் சரி. பிறந்த நாளுக்கு?"

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டேன்."

"நான் தைக்கும்போது பக்கத்துல உட்காருங்க. உங்க வேலை ஏதாவது இருந்தா அதைப் பாருங்க. என்னைப் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம். பக்கத்துல ஆள் இருந்தா என் கை ஓடும்ங்க. ஏன்னு எனக்கே தெரியாது."

தில்லைவாணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளிடம் பனிக்குள் கேட்ட சத்தத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

பிறந்த நாளன்று விடுப்பு எடுத்தார். அவள் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்தார். வெகு நேரம் அவள் ஊசி தயங்கித் தயங்கிப் போனது. பிறகு ஓடத் தொடங்கியது. மயிலின் கழுத்து மெல்ல எழுந்தது.

பால் தீயும் வாசனை வந்தது.

அவர் நாக்கில் வார்த்தை வந்து நின்றது. அதே கணத்தில், கதவில்லாத அலமாரி லேசாக முனகியது. காலித் தட்டு ஒன்றில், அவர் சொல்லப்போவதற்காக யாரோ மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருப்பதுபோல இருந்தது. அமுதவல்லியின் தோள்கள் இறுகுவதைப் பார்த்தார்.

வார்த்தையை விழுங்கினார். எழுந்துபோய்ப் பாலை இறக்கிவைத்தார். திரும்பி வந்து மொச்சையை எடுத்துக்கொண்டார்.

அலமாரியும் பேசவில்லை.

கோடை வந்த பிறகு ஒரு நாள் தில்லைவாணன் மலையேறினார். மலையம்மா கொட்டகை வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அவரும் கூட அடுக்கினார்.

"எப்படி இருக்காங்க அண்ணி?"

"கொக்கி இருந்தும் சாவி இன்னும் சில நாள் தொலையுது. பால் பொங்குது. ஆனா மூணு மயில் முடிச்சுட்டா." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஒரு சந்தேகம் அம்மா."

"கேளுங்க."

"முன்னாடி வாங்கினதையும் பிரியமாத்தான் வாங்கினேன். இப்பவும் பிரியமாத்தான் இருக்கேன். எனக்கு உள்ளே எந்த வித்தியாசமும் தெரியல. நான் கொடுக்கறது அவளுக்கு உதவுதா, மறுபடி அவளை விரட்டுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

மலையம்மா கையிலிருந்த விறகை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பள்ளத்திலிருந்து பனி ஏறத் தொடங்கியிருந்தது.

"நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டதும், அண்ணி கையில ஊசி ஓடுதா, நிக்குதா?"

தில்லைவாணன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.