யார் இறங்குவது?

"எல்லாரையும் காப்பாத்தினேன் மேடம். அப்புறமும் கதவு சாத்திக்கிச்சு" என்றார் ஞானசிகாமணி.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன். ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் இருக்கும் சர்வரும் அவர் பொறுப்புதான்.

பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் சர்வர் பாடம் நடத்தும் ரிஸ்வானாவுக்கு அவருடைய மகள் வயது.

அந்தச் சர்வர் எங்கோ தூரத்தில் வாடகைக்கு எடுத்தது. கையால் தொட வழியில்லை. இங்கிருந்தபடி உள்ளே நுழைய ஒரே ஒரு புரோகிராம் உண்டு. அதைத்தான் அவர்கள் கதவு என்பார்கள்.

மெமரி நிரம்பிவிட்டால் சர்வர் தானாகவே ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று இடம் பண்ணிக்கொள்ளும். போன மாதம் கதவையே கொன்றுவிட்டது.

அப்போதுதான் ரிஸ்வானா அவருக்கு ஒரு வழி சொன்னார். எதன் மேல் 'தொடாதே' என்று குறிக்கிறோமோ, அதைச் சர்வர் விட்டுவிடும்.

ஞானசிகாமணி இளகிய மனசுக்காரர். முதலில் கதவுக்குக் குறித்தார். அடுத்து பட்டியலுக்கு. மீதி இருந்ததைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இருபத்து மூன்று புரோகிராமுக்கும் குறித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை மெமரி நிரம்பியது. கொல்ல ஒன்றும் இல்லை. சர்வர் மொத்தமாக உறைந்து போனது; கதவும் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து குழந்தைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் கேட்டு ஒரு தாய் வந்து நின்றாள். பழைய நோட்டைத் தேடியெடுத்து, ஒவ்வொருவராகப் போன் போட்டு ஆள் பிடிக்க மூன்று மணி நேரம். குழந்தை பிழைத்துக்கொண்டது. வாடகைக்கு விட்டவர்கள் அணைத்துப் போட்ட பிறகுதான் சர்வர் எழுந்தது.

"அடுத்த தடவையும் இப்படி ஆனா என்னால தாங்க முடியாது. வேற ஆளை வச்சுக்கச் சொல்லிடுறேன்" என்றார் ஞானசிகாமணி.

ரிஸ்வானா எழுந்தார்.

"டீ குடிச்சிட்டு வருவோம் சார்."

குடித்தார்கள்.

திரும்பும்போது லிஃப்ட்டில் ஏறினார்கள். கம்பிக்கதவு வைத்த பழைய லிஃப்ட். ஸ்டூலில் லிஃப்ட்காரர் மாடசாமி. ஆறு பேர் போகலாம். ஏழு பேர் இருந்தார்கள். மணி அடித்தது.

ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு இன்டர்வியூ. மற்றவர்கள் மேலே ஃபேனைப் பார்த்தார்கள். மணி நிற்கவில்லை.

ஒரு புத்திசாலி மாடசாமியிடம், அண்ணே நீங்க இறங்கிக்கோங்க, நாங்களே அமுக்கிக்கிறோம் என்றான்.

மாடசாமி கோபப்படவில்லை. "நான் இறங்கிட்டா, நடுவுல நின்னுச்சுன்னா யாரு தம்பி திறந்து விடுறது?"

ஞானசிகாமணி அவரையே பார்த்தார். பிறகு இறங்கினார். லிஃப்ட் போனது.

நாலு மாடியும் படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ரிஸ்வானா கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார்.

உட்கார்ந்தார். குறிகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார்.

ஒன்றில் மட்டும் கை நின்றது. ரத்தம் கொடுத்தவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் புரோகிராம். படத்தைச் சுற்றிப் பலூன் பறக்கவிட்டு, பெயரைப் பூவால் எழுதி, ஆறு மாதம் உட்கார்ந்து அவரே செய்தது. மெமரியை அதிகமாகத் தின்பதும் அதுதான்; குறி இல்லாவிட்டால் சர்வர் பெரும்பாலும் அதைத்தான் முதலில் கொல்லும்.

அதன் குறியையும் அழித்தார்.

கதவின் குறி மட்டும் மிஞ்சியது.

பதினேழாம் நாள் காலை பத்தரைக்கு ரிஸ்வானாவின் போன் அடித்தது. மறுபடியும் மெமரி நிரம்பிவிட்டது என்றார் ஞானசிகாமணி.

"யாரு சார் இறங்கினது?"

"நான் எழுதினது மேடம். பொறந்தநாள் வாழ்த்து."

ரிஸ்வானா வருத்தமா என்று கேட்டார்.

"வருத்தம் என்ன மேடம், கதவு சாத்தலை, நான் உள்ளதானே இருக்கேன். இப்பத்தான் அதைத் திரும்ப ஏத்தி விட்டேன்."