ஆசனத்துக்கு அடியில் உருத்திராட்சம்

இது சிரிக்கிற கதைதான். ஆனால் இப்போதே சிரித்துவிடாதீர்கள். இசக்கிமுத்துவே ஆறு மாதம் பொறுத்தார். அவருக்கு முதுகில் தையல். சிரித்தால் சுரீரென்று பிடிக்கும்.

முதுகெலும்பில் சில கணுக்களை ஒன்றாகச் சேர்த்து, கம்பி வைத்து முடுக்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தினமும் ரசம் கொண்டுவந்தவர் அவருடைய குரு உமாபதி அடிகள். அடிகளுக்கு எல்லார் குரலும் வரும். பெரிய டாக்டர் வார்டைத் தாண்டியதும், அதே டாக்டர் குரல் கட்டிலருகே கேட்கும்.

"சாமி, வேண்டாம். தையல் பிரிஞ்சிரும்" என்று இசக்கிமுத்து வாயைப் பொத்திக்கொள்வார்.

ஆறாம் மாதம் மடத்துக்குத் திரும்பினார். அன்று குருபூசை. சீடர்கள் ஒவ்வொருவராக, ஆசனத்தில் அமர்ந்திருந்த அடிகள் காலில் விழுந்து எழுந்து சாப்பிடப் போனார்கள். இசக்கிமுத்து மட்டும் தூணோரம் நின்றார்.

"என்ன ஓய், தூணுக்குத் துணையா?"

"என்னை நடக்க வச்சது நீங்க சாமி. ஒரு தடவை உங்க கால்ல விழணும். முதுகு இனிமே வளையாதாம்."

"குனியவே கூடாதாமா?"

"குனியலாமாம். முதுகை வளைக்காமக் குனியணுமாம். வளையாம எப்படிச் சாமி கும்பிடுறது?"

அடிகள் கழுத்து மாலையைத் தடவினார். முகம் மாறியது.

"உருத்திராட்சம் ஒண்ணு கழன்று ஆசனத்துக்கு அடியிலே உருண்டுட்டுது."

இசக்கிமுத்து பதறினார். அது அடிகளின் குரு போட்டுவிட்ட மாலை.

"யாரையாவது கூப்பிடட்டா?"

"எல்லாரும் பந்தியிலே. எறும்பு இழுத்துட்டுப் போறதுக்குள்ளே பாரும்."

அடுத்து வந்தது ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண்ணின் குரல், அச்சு அசலாக. "அண்ணாச்சி, முதுகு நேரா. இடுப்புல மடங்குங்க. ஒரு முட்டி. இன்னொரு முட்டி. கையை ஊனிக்கோங்க. அவசரமே இல்லை."

மாதக்கணக்கில் கேட்ட குரல். உடம்பு தானாகப் பணிந்தது. இடுப்பு மடிந்தது, முட்டிகள் மடிந்தன, உள்ளங்கைகள் தரையைத் தொட்டன. முதுகு பலகைபோல நேராகவே இருந்தது. தலையைத் தாழ்த்தி அடியில் பார்த்தார். கொஞ்சம் தூசி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிகளின் பாதங்கள்.

"காணோமே சாமி."

"எப்படி இருக்கும்? எல்லாம் மாலையிலேயே இருக்கு."

"அப்போ நான் எதுக்கு இங்கே..."

"அதைத்தான் நானும் கேக்கேன். எவ்வளவு நேரம் காலிலே விழுந்து கிடப்பீர்? ஆசீர்வாதம் பண்ணியாச்சு, எழுந்திரும்."

இசக்கிமுத்து எழவில்லை. நெற்றி இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இருந்தது. தோள்கள் குலுங்கத் தொடங்கின. இப்போது பிரிவதற்குத் தையல் இல்லை.