குதிரைக்குக் கொடுத்த கை

முன்னொரு காலத்திலே ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் மனதில் தோன்றியதை மாலைக்குள் சட்டமாக்கிவிடுவார். அவர் சபையில் இருந்தவர்களோ எதற்கெடுத்தாலும் "தோள் கொடுப்பேன், உயிரைக் கொடுப்பேன்" என்று முழங்கிவிட்டு, காரியம் என்று வந்தால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். அலுத்துப்போன ராஜா ஒருநாள் உத்தரவு போட்டார்.

"இனி என் முன்னால் யார் எதைக் கொடுப்பேன் என்று சொன்னாலும், சொன்ன அதையே கொடுத்தாக வேண்டும்."

அன்றோடு சபையில் பேச்சுக் குறைந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் ராஜாவின் வெள்ளைக் குதிரை குட்டி போட முடியாமல் தவித்தது. அரண்மனைக் குதிரை வைத்தியர் காளிங்கராயர் கஷாயம் புகட்டினார், புகை போட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. குதிரை படுத்துவிட்டது. ராஜா லாயத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சபையின் விகடகவி ஆவுடையப்பன் துறைமுகத்துக்கு ஓடினான். அரபு நாட்டுக் கப்பலில் குதிரைகளோடு வந்திருந்த யூனுஸ் ராவுத்தரைக் கையோடு அழைத்துவந்தான். வெளியாள் ஒருவன் லாயத்துக்குள் நுழைந்ததும் காளிங்கராயருக்கு முகம் கறுத்தது.

ராவுத்தருக்குப் புதுச் சட்டம் தெரியாது. குதிரையின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ராஜாவிடம் சொன்னார்:

"பயம் வேண்டாம் அரசே. இந்தக் குதிரைக்கு நான் கை கொடுப்பேன்."

காளிங்கராயர் துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா மன்னா! கை கொடுப்பதாகத் தம் வாயாலேயே சொல்லிவிட்டார். வாளை வரவழையுங்கள்!"

விஷயம் புரிந்ததும் ராவுத்தர் வெலவெலத்துப் போனார்.

"மூட்டை தூக்குறப்ப எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க? 'ராவுத்தரே, கொஞ்சம் கை கொடுங்க'ன்னு?" என்று ஆவுடையப்பனிடம் கேட்டார். "உதவின்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

ராஜாவுக்கு மனம் வரவில்லை. ஆனால் சட்டம் அவர் போட்டதாயிற்றே. தலையைக் குனிந்துகொண்டார்.

ஆவுடையப்பன் கைகட்டி முன்னால் வந்தான். "அரசே, வைத்தியர் சொல்வது சரி. சொன்ன சொல் அப்படியே நடக்கட்டும். இவர் கை கொடுப்பேன் என்றார். வெட்டிக் கொடுப்பேன் என்று சொல்லவில்லை. கொடுப்பதாகச் சொன்னதும் குதிரைக்கு. குதிரையிடமே கொடுக்கட்டும். அது வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும். திருப்பிக் கொடுத்தால் குறுக்கே யாரும் நிற்கக் கூடாது."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா அவசரமாக.

ராவுத்தர் கையில் எண்ணெய் பூசிக்கொண்டார். வாள் வருகிறதா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க குதிரைய மட்டும் பாருங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றான் ஆவுடையப்பன் மெதுவாக.

ராவுத்தர் முழங்கை வரை கையை உள்ளே விட்டார். குட்டியின் முன்னங்கால் ஒன்று மடங்கிச் சிக்கியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வலிக்காமல் பதமாக அதை நீட்டிவிட்டார். குதிரை ஒருமுறை முக்கியது. கை வெளியே வந்தது. கூடவே இரண்டு குளம்புகளும், ஈர மூக்கும், கடைசியில் முழுக் குட்டியும் வந்து வைக்கோலில் விழுந்தன.

"மன்னா, குதிரை கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது" என்றான் ஆவுடையப்பன். "மேலே ஒரு குட்டியும் கொடுத்திருக்கிறது!"

ராஜா கண்ணீரோடு சிரித்தார். அந்த மகிழ்ச்சியில் காளிங்கராயரும் தம்மை மறந்துவிட்டார். "அரசே, இந்தக் குட்டியை என் உயிரைக் கொடுத்து வளர்ப்பேன்!" என்றவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"உயிரையா?" என்றார் ராஜா.

காளிங்கராயர் மெல்லப் பின்வாங்கப் பார்த்தார். ஆவுடையப்பன்தான் குறுக்கிட்டான். "வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் அரசே. ஆனால் ஒரேயடியாக வாங்கிவிட்டால் குட்டியை யார் வளர்ப்பது? தினம் கொஞ்சமாக, ராவுத்தரிடம் கேட்டுக் கேட்டு, இந்த லாயத்திலேயே கொடுத்துத் தீர்க்கட்டும். நரைத்துக் கிழவராகும்வரை!"

காளிங்கராயர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தச் சட்டத்துக்கு இப்போதே விடை கொடுத்தேன்" என்று சொல்லி, தம் முத்து மாலையைக் கழற்றி ஆவுடையப்பன் கழுத்தில் போட்டார். பிறகு, "ராவுத்தரே, உமக்கு என்ன வேண்டும்? கேளும்" என்றார்.

ராவுத்தர் வாயே திறக்கவில்லை. தமிழில் இன்னொரு வார்த்தை பேச அவருக்குப் பயம்.

"சட்டம் போயிருச்சு, சும்மா கேளுங்க" என்றான் ஆவுடையப்பன்.

ராவுத்தர் முழங்கை வரை நனைந்திருந்த கையைத் தூக்கிக் காட்டினார். "கொஞ்சம் தண்ணி கொடுங்க அரசே. கை கழுவணும்."

சேவகர்கள் ஓடுவதற்குள் ராஜாவே செம்பை எடுத்து, குனிந்து, அந்தக் கையில் தண்ணீர் ஊற்றினார்.