காதில் விழாத பெயர்

விடையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முதலில் அங்கே எட்டிப் பார்த்துவிட்டு வருகிற அவசரக்காரர்களுக்கு இந்தக் கதை இல்லை. மற்றவர்கள் கேளுங்கள்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் ஓர் ஊர். வானம் பார்த்த பூமி. மேகம் இறங்கினால் விவசாயம், இறங்காவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். அங்கே பிள்ளைக்கு மேகத்தின் பெயரை வைப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் தெருவில் நின்று ‘மாரி’ என்று கூப்பிட்டால் ஆணும் திரும்பும், பெண்ணும் திரும்பும். இப்போது அந்த இடத்தை ‘முகில்’ பிடித்துக்கொண்டது. பால்வாடியில் அந்தப் பெயரைச் சொன்னால் இரண்டு பாவாடையும் ஒரு கால்சட்டையும் ஓடிவரும். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஆஸ்பத்திரியில் சொல்லமாட்டார்கள். எதுவானாலும் பொருந்துகிற பெயர் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

பூரணிக்கும் அவள் புருஷன் தவசிமுத்துவுக்கும் ஊரில் பரவுவதற்கு முன்பே அந்தப் பெயர் பிடித்துப்போயிருந்தது. அவன் அவள் வயிற்றில் கை வைத்து ‘முகிலு’ என்று கூப்பிடுவான். வெளியே தெரிந்தால் கண் பட்டுவிடும் என்று இருவரும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பிள்ளை செத்துப் பிறந்தது. பெண்பிள்ளை.

அந்த ஊர்ச் சனங்களில், பிள்ளையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்லவேண்டியவள் அத்தை. தவசியின் அக்காளோ, செத்த பிள்ளைக்கு எதுக்குப் பேரு என்று சொல்லிவிட்டாள். ஆண்கள் அதைத் துணியில் சுற்றிக் கண்மாய்க் கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள். புதைக்கும்போது பெண்கள் அங்கே போகும் வழக்கம் இல்லை. பூரணி வாசல்வரைதான் போனாள்.

அடுத்த வருஷம் தவசி காமாலையில் விழுந்தான். இனித் தேறமாட்டோம் என்று தெரிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

“அந்தப் பேரு நம்ம பிள்ளைக்குத்தான் பூரணி. வேற பிள்ளைக்கு உன் வாயால அதைச் சொல்லிராத.”

அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அவன் போனபின் அவளுடைய தம்பி காசிராஜன் வந்து, அதே ஊரில் இருந்த தன் வீட்டுக்கு அவளை அழைத்துக்கொண்டான்.

காசிராஜனின் மனைவி வடிவுக்கு இரண்டு கரு கலைந்திருந்தன. மூன்றாவது தங்கியது. குடம் தூக்கவிடாமல், குனியவிடாமல் பூரணிதான் அவளைப் பார்த்துக்கொண்டாள். ஆண்பிள்ளை பிறந்தது. பெயர் வைக்கிற நாளும் குறித்தார்கள். தாலியறுத்தவள் வாயாலா பெயர் சொல்வது என்று சொந்தத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வடிவு விட்டுக்கொடுக்கவில்லை. “என் பிள்ளைக்கு அத்தை அவங்கதான். அவங்க சொல்லலைன்னா பேரே வேண்டாம்” என்று சண்டைக்கு நின்றாள். பூரணி அடுப்படியில் நின்று அழுதாள். வாழ்வில் அவளுக்காக ஒருவர் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை.

முந்தின நாள்தான் பெயர் என்னவென்று பூரணிக்குத் தெரிந்தது. முகில். பால்வாடிப் பக்கம் போகும்போது கேட்டு, வடிவு ஆசைப்பட்ட பெயர்.

உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். இரண்டைப் பறிகொடுத்து மூன்றாவதைக் கண்ணால் பார்க்கிறவளிடம், அது என் செத்த பிள்ளைக்கு வைத்திருந்த பெயர் என்று எந்த வாயால் சொல்வது? எனக்காகச் சண்டை போட்டாயே, நான் வரமாட்டேன் என்றுதான் எப்படிச் சொல்வது? முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் போனால் உதைக்கிறது. அத்தை வாயிலிருந்து விழாத பெயர் பிள்ளைக்கு ஒட்டாது, பெயர் ஒட்டாத பிள்ளை தங்காது என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கையும் உண்டு. பூரணி இரவெல்லாம் தூங்கவில்லை.

மறுநாள் வீடு நிறையச் சனம். வடிவு பிள்ளையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். பூரணி வெற்றிலையால் வாயை மறைத்துப் பிள்ளையின் காதில் குனிந்தாள். அவள் நெற்றி வடிவின் கன்னத்தில் இடித்தது. உதடுகள் மூன்று தரம் அசைந்தன. காற்றுகூட வரவில்லை.

நிமிர்ந்தாள். வழக்கப்படி இனி அவள்தான் பெயரை உரக்கச் சொல்லவேண்டும். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். வடிவும் பார்த்தாள். பிறகு வடிவே, “முகிலு” என்றாள். பெற்றவளுக்குப் பொறுக்கவில்லை என்று சனம் சிரித்தது. சீனித் தண்ணீரைப் பிள்ளையின் நாக்கில் தொட்டுவைத்தார்கள்.

பந்தி முடிந்து எல்லோரும் போனபின் பூரணி வடிவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கண்மாய்க் கரையில் கிடக்கிற பிள்ளைக்கு வைத்திருந்த பெயரையும் சத்தியத்தையும் சொன்னாள். தான் வாயை மட்டும் அசைத்ததையும் ஒளிக்கவில்லை. தம்பியிடம் சொல்லி, வேறு அத்தை முறைக்காரியை வைத்துப் பெயரைச் சொல்லச் சொல் என்று கெஞ்சினாள்.

வடிவு பிள்ளையைத் தட்டிக்கொடுத்தாள்.

“இல்லை மதினி. நீங்க சொன்னீங்க. மூணு தரமும் என் காதுல விழுந்துச்சு” என்றாள்.

அதோடு பேச்சை முடித்துவிட்டாள். அன்றிலிருந்து பிள்ளை தூங்கும்போதெல்லாம் அதன் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்தது.

தவசி தான் போகும்போது இருக்கிறவளைச் சத்தியத்தால் கட்டிவிட்டுப் போனான். பூரணி சத்தியத்தைக் காப்பாற்றப் பிள்ளையை ஏமாற்றினாள். வடிவு தெரிந்தே பொய் சொன்னாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வடிவு. தவசியின் துக்கம் பெரிது, ஆனால் மேகத்தைத் தன் வயலுக்கு மட்டும் என்று யாரும் வேலி போட முடியாது. பூரணி வாக்கைக் காத்தாள், ஆனால் மருமகனுக்குச் சேரவேண்டியதைக் கொடுக்கவில்லை. வடிவோ தன் பிள்ளையின் உயிர்ப்பயத்தை விழுங்கிக்கொண்டு மதினியின் பாரத்தை இறக்கப் பார்த்தாள். பூரணியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே ஒரு வருத்தம் உண்டு. நம்ம பிள்ளைக்குத்தான் என்றான் தவசி. கண்மாய்க் கரை நடக்கிற தூரம்தான். சத்தியம் தடுக்காத அந்த ஒரு காதிலும் அவள் இன்றுவரை அந்தப் பெயரைச் சொல்லவில்லை.