மசால் சரிவும் வராத பங்காளியும்

மொட்டைக்கொம்பி என்ற வெள்ளாடு, யார் சொன்ன விலைக்கும் எதையும் வாங்கியதில்லை.

காட்டோரத்தில் ஒரு குட்டை. குட்டைக்கு மேலே செம்மண் சரிவு. அதில்தான் அவள் குடியிருந்தாள். சந்தையில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்த அன்று, வண்டிச் சக்கரத்தில் மோதி அவள் கொம்பு ஒன்று பாதியில் முறிந்துபோனது. அதிலிருந்து யாராவது சிரித்துப் பேசினால், கயிற்றை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பாள்.

கோபம் மூக்கு நுனியில் நிற்கும். குரங்கு இரண்டு கொத்து வாகை இலை தருகிறேன் என்றால் நாலு கேட்பாள். நாலும் கைக்கு வந்த பிறகு, "இதெல்லாம் வாடின இலை! யாரை ஏமாத்தறே?" என்று கத்தி ஐந்தாவதையும் வாங்கிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கும் போன கோடையில் பேரம் பேச முடியாத ஒரு நஷ்டம் வந்தது. சரிவில் புல்லே இல்லை. ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து குட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. பசி பொறுக்காமல் மூன்று குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வறண்ட ஆற்றைத் தாண்டினாள். அக்கரையில் தழை இருந்தது. சிறுத்தையும் இருந்தது. இரண்டு குட்டிகளோடு திரும்பி வந்தாள்.

மிச்சமிருந்தது பொட்டும் கருவாலியும். "இந்த ரெண்டும் வர்ற கோடைக்கு ஆத்தைத் தாண்டக் கூடாது" என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டாள்.

மலைக்குப் பின்னால் செவியன் என்ற முயலின் மேடு மட்டும் கோடையிலும் பச்சையாக இருக்கிறது என்று குரங்கு சொன்னது. மறுநாளே அங்கே போய் நின்றாள்.

மேடு முழுக்க மூன்று மூன்று இலையாக ஒரு செடி. நுனியில் பொடிப்பொடியாக மஞ்சள் பூ.

"என்னடா இது செவியா?"

"முயல்மசால் அக்கா. தின்னா சதை பிடிக்கும். ஒரு தடவை விதைச்சா நாலு வருஷம் நிக்கும்."

"விதை குடு. என்ன வேணும் கேளு."

"ஒரு மாசம் என் வளைக்கு வெளியே காவல் நில்லுங்க. நரி வந்தா முட்டித் தள்ளணும்."

"ஒரு மாசமா! உன் பிள்ளைகளுக்கு நான் ஆயாவா? பத்து நாள்!"

"இருபது."

"பன்னெண்டு! அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது!"

"சரி பதினஞ்சு, போங்க" என்றான் செவியன். மொட்டைக்கொம்பிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பேரம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அப்புறம்தான் செவியன் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"இன்னொண்ணு அக்கா. சரிவுல பாதிதான் உங்களுக்கு. மீதிப் பாதி மண்ணுக்கு. அதுல வாய் வைக்கக் கூடாது."

"யாருக்கு?"

"மண்ணுக்கு."

மொட்டைக்கொம்பி காதை ஆட்டினாள். "பாதி ரொம்ப அதிகம். கால் பங்கு தர்றேன்னு சொல்லு."

"அதுல நான் பேச முடியாது அக்கா. அது என் பங்கு இல்லையே!"

"யார் பங்கோ அவனைக் கூப்பிடு! நான் பேசிக்கறேன்!"

"அது வராது அக்கா. பேசவும் பேசாது."

அவள் வாழ்க்கையிலேயே இப்படி ஓர் ஆளைப் பார்த்ததில்லை. பாதியைக் கேட்கிறான், ஆனால் வரமாட்டான். பேரமும் பேச மாட்டான். என்ன வியாபாரம் இது? இந்த முயலுக்குத் தலை சுற்றிவிட்டதா, இல்லை தனக்கா? ஒன்றும் புரியாமல் "சரி" என்று தலையை ஆட்டி வைத்தாள்.

பதினைந்து நாள் காவல் முடிந்தது. நரியை இரண்டு தரம் முட்டித் தள்ளினாள். செவியன் விதையைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, "பாறைக்குழியில உச்சி வெயிலுக்குக் கொதிக்கிற தண்ணி இருக்கும். அதுல கொஞ்ச நேரம் போட்டு எடுத்து விதைங்க" என்றான்.

"அடப்பாவி! வேக வெச்சா எந்த விதைடா முளைக்கும்? செத்த விதைக்கா நான் நரியோட மல்லுக்கட்டினேன்?"

"தோல் கெட்டி அக்கா. சூடு பட்டாத்தான் திறக்கும்."

அவள் நம்பவில்லை. கொஞ்சத்தை வெந்நீரில் போட்டு விதைத்தாள். கொஞ்சத்தை அப்படியே விதைத்தாள். ஆடி மாதத் தூறலில் வெந்நீர் பட்டது குப்பென்று முளைத்தது. படாததில் பத்துக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. மொட்டைக்கொம்பிக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் பக்கத்திலிருந்த புற்றை ஒரு முட்டு முட்டினாள். பிறகு மீதி விதையையும் சுடவைத்துத் தெளித்தாள்.

புரட்டாசிக்குள் சரிவு முழுக்கப் பச்சை மூடிவிட்டது. நடுவில் ஒரு நீளப் பாறை. பாறைக்கு இந்தப் பக்கம் அவள் பங்கு. அந்தப் பக்கம் அந்த வராத பங்காளியின் பங்கு.

அவள் நிம்மதியாக மேயவே இல்லை. பாறையோரம் மண்ணில் நின்று அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்நேரமும் எவனாவது வருவான். வந்து வாயை வைப்பான். அப்போது பிடித்துக்கொள்ளலாம்!

ஒருநாள் செடிக்கு அடியில் மண்புழு ஒன்று நெளிந்தது.

"ஏய்! நீதான் அந்தக் கூட்டாளியா?"

"எந்தக் கூட்டாளி தாயி?"

"பாதி கேட்டவன்!"

"நான் குடியிருக்கேன், அவ்வளவுதான். உதிர்ந்த சருகைத் தின்னுட்டுக் கெடக்கேன்" என்று சொல்லிவிட்டு அது உள்ளே போய்விட்டது.

குட்டையிலிருந்த ஆமையைப் பிடித்து மிரட்டினாள். "நான் சரிவுல ஏறினா உருண்டுல்ல வருவேன், என்னைப் போய்க் கேக்கறியே!" என்றது ஆமை. அதுவும் நியாயம்தான்.

ஐப்பசி வந்தது. மசால் பூத்தது. எவனும் வரவில்லை. மொட்டைக்கொம்பிக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. எதிராளி கத்தினால் கத்தலாம். அழுதால் சமாளிக்கலாம். ஆளே வராவிட்டால் என்ன செய்வது?

ஆத்திரத்தில் அந்தப் பக்கத்துச் செடி ஒன்றைக் கடித்து வேரோடு பிடுங்கினாள். வேரெல்லாம் கடுகு கடுகாகக் கட்டிகள்!

செவியனிடம் ஓடினாள். "பாருடா! நோய் பிடிச்ச சரக்கு! வேரெல்லாம் கட்டி!"

செவியன் ஒரு கட்டியைப் பல்லால் நறுக்கிக் காட்டினான். உள்ளே இளஞ்சிவப்பு. "நோய் இல்லை அக்கா. மண்ணுக்குச் சோறு அதுலதான் சமைக்குது. பிடுங்காதீங்க."

"வேருக்குள்ள அடுப்பா? யார்கிட்ட கதை விடறே?"

"கார்த்திகை மழை முடியற வரைக்கும் பொறுங்க. நிக்கிற செடி மண்ணைப் பிடிச்சுக்கும். உதிர்ற இலை மூடிக்கும்."

"பிடிச்சுக்கும், மூடிக்கும், சமைக்கும்! ஆனா ஆள் மட்டும் வரமாட்டான்!"

திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள். அவள் படித்த சந்தையில் ஒரு நியாயம் உண்டு. பேரத்துக்கு வராதவனுக்குச் சரக்கில் பாத்தியதை கிடையாது. மூன்று மாதம் காத்திருந்தாயிற்று. இதற்கு மேல் எவன் பொறுப்பான்?

"பொட்டு! கருவாலி! வாங்க இந்தப் பக்கம்!"

"அம்மா, அது வேற யாரோட பங்கோன்னு சொன்னியே?" என்றது பொட்டு.

"அவன் செத்துட்டான்! தின்னுங்க!"

ஐந்தே நாள். மூன்று வாயும் சேர்ந்து அந்தப் பக்கத்தை அடியோடு மேய்ந்தன. மண் இளகியிருந்ததால் பாதிச் செடி வேரோடு வந்தது. தன் பக்கத்தைக் கோடைக்கென்று அவள் பத்திரமாக மூடி வைத்தாள். எப்பேர்ப்பட்ட லாபம்! கண்ணே தெரியாத ஒருவனிடமே பாதியை வாங்கியாயிற்று!

ஆறாம் நாள் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது.

மூன்று நாள் விடாமல் அடித்தது. நாலாம் நாள் வெயில் வந்ததும் மொட்டைக்கொம்பி பாறைமேல் ஏறிப் பார்த்தாள். பார்த்தவளுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே புரியவில்லை. அந்தப் பக்கத்துச் சரிவைக் காணோம்! செம்மண் மொத்தமும் குட்டைக்குள் போய்க் குழம்பாகக் கிடந்தது. மேலே வழுவழுவென்று வெறும் பாறை. ஆமை சேற்றிலிருந்து தலையை நீட்டி, "என் வீட்டுக்குள்ள எதுக்கு உன் நிலத்தைக் கொண்டாந்து போட்டே?" என்று திட்டியது.

அவள் பக்கத்தில் மசால் நின்ற இடத்தில் மண்ணும் அப்படியே நின்றது.

செவியனின் வளை வாசலில் போய்க் காலை உதைத்துக் கத்தினாள். "உன் கூட்டாளி பழி வாங்கிட்டான்டா! நிலத்தையே தூக்கிட்டுப் போயிட்டான்!"

"தின்னுட்டீங்களா அக்கா?"

"அவன் வரலையே! வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"அது அங்கேயேதான் இருந்துச்சு. அதுமேலதான் நீங்க மூணு மாசமா நின்னுட்டிருந்தீங்க."

மொட்டைக்கொம்பி குனிந்து தன் குளம்பைப் பார்த்தாள். குளம்புக்குக் கீழே மண். "இதை நீ முதல்லயே புரியற மாதிரி சொல்லியிருக்கணும்!" என்றாள். குரலில் வழக்கமான சுருதி இல்லை.

"எனக்கு மட்டும் முதல்லயே புரிஞ்சுதா? என் மேட்டுக்குப் பின்னாடி ஒரு மொட்டைப் பாறை இருக்கு, போய்ப் பாருங்க. அது நான் தின்ன பாதி" என்றான் செவியன்.

கோடை வந்தது. மிஞ்சிய பாதிச் சரிவு மூன்று வாய்க்குப் பங்குனி வரைக்கும் தாங்கும். இரண்டு வாய்க்கு ஆனி முடியத் தாங்கும். இந்தக் கணக்கு மட்டும் அவளுக்குக் குழப்பமே இல்லாமல் புரிந்தது.

அன்றிலிருந்து மசாலில் அவள் வாய் வைக்கவில்லை. தினமும் சிறுத்தை படுத்துத் தூங்கும் உச்சி வேளையாகப் பார்த்து, தனியாக ஆற்றைத் தாண்டினாள். அக்கரையில் முள்ளோடு சேர்த்து இரண்டு வாய் இலந்தைத் தழை கடித்துவிட்டு ஓடிவந்தாள். குட்டிகள் கேட்டால், "வியாபாரம் பேசப் போனேன். பேசாம மேயுங்க!" என்று அதட்டினாள்.

வைகாசியில் ஒருநாள் சிறுத்தை தூங்கவில்லை. பின்தொடையில் நாலு நகக்கோடு வாங்கிக்கொண்டு, மூன்று காலில் நொண்டியபடி ஆற்றுமணலைக் கடந்து வந்து விழுந்தாள்.

"அம்மா! ரத்தம்!" என்று கருவாலி கத்தியது. "இந்த வியாபாரத்துல உனக்கு என்னதான் கிடைச்சுது?"

பச்சையில் மேய்ந்து வயிறு புடைத்து நின்ற இரண்டையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். "கேட்டது கிடைச்சுது, போ" என்றாள்.

ஆடித் தூறல் விழுந்தபோது நொண்டிக்கொண்டே போய், மசாலிலிருந்து உதிர்ந்த விதையைப் பொறுக்கிச் சுடவைத்தாள். மிஞ்சிய மண்ணில் குட்டிகள் மேய்ந்து தீர்த்த இடமெல்லாம் விதைத்தாள். நடுவில் கல்லை உருட்டி எல்லை வைத்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் பொட்டு மூக்கை நீட்டியதும் ஓடிப்போய் ஒரு முட்டு முட்டினாள். மண் எப்படித் தின்கிறது, எப்போது தின்கிறது என்பது அவளுக்குக் கடைசிவரை விளங்கவே இல்லை. ஆனால் அந்தப் பாதியில் பேரம் பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

வாய் திறந்து கேட்காதவனுக்கும் பங்கு உண்டு. அவன் வரவில்லை என்று அதைத் தின்கிறவன், தன் காலுக்குக் கீழே இருப்பதைத்தான் தின்கிறான்.